பத்துக் கோத்திரத்து மச்சான்

என் மச்சான் முதன்முதலாக என்னை அடித்தது, எனக்கும் அவருடைய தங்கைக்கும் நிச்சயம் பண்ணிய அன்று.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாம்பாளத்தில் கிடந்த கொட்டைப்பாக்குகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பரப்பி வைத்தார்.

"வேதத்துல இஸ்ரவேலுக்குப் பன்னெண்டு கோத்திரம் இருக்குல்ல மாப்ள? அதுல பத்துக் கோத்திரத்த அசீரியாக்காரன் சிறைபிடிச்சுட்டுப் போனான். போனவுக திரும்பி வரவே இல்ல. எங்க போனாக?"

"தெரியலயே மச்சான்."

"ஐரோப்பாவுக்குப் போனாக!" பாக்குகளைத் தாம்பாளத்தின் மறுகரைக்குத் தள்ளினார். "எப்பிராயீம் யாரு? இங்கிலீஸ்காரன். மனாசே? அமெரிக்காக்காரன். ரூபன், பிரான்சு. தாண் இருக்கானே, அவன் போன தடமெல்லாம் பேர விட்டுட்டுப் போயிருக்கான். டென்மார்க்கு, டான்யூப்பு ஆறு. சாக்சன் சாக்சன்னு சொல்றாகள்ல, அது என்னது? ஈசாக்கு சன். ஈசாக்கோட மகன்!"

அவர் முகம் ஜொலித்தது. கல்யாணம் ஆகப்போகிறவன், பெண்ணின் அண்ணன் சொல்வதை அக்கறையாகக் கேட்டதாக இருக்கட்டுமே என்று நான் வாயைத் திறந்தேன்.

"அப்ப நம்ம எந்தக் கோத்திரம் மச்சான்?"

அறை எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. வாயிலிருந்த வெற்றிலை புதுச் சட்டையில் விழுந்தது. இடது காதுக்குள் ரயில் ஓடியது. என் அப்பா எழுந்து, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று துண்டை உதறித் தோளில் போட்டார். மச்சானைச் சொந்தக்காரர்கள் வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே கல்யாணப் பெண்ணே ஐஸ் கட்டியை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள்.

"வெறுங்கையாலதான அடிச்சாக?" என்றாள். "அப்ப அண்ணனுக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னம் வலிக்க வலிக்கச் சிரித்தேன். அந்தக் கல்யாணம் நடந்ததற்கு அதுதான் காரணம்.

மச்சான் திண்டுக்கல் - வத்தலக்குண்டு தடத்தில் ஓடிய ஒரு தனியார் பேருந்தின் டிரைவர். குட்டையான ஆள், கழுத்து தெரியாத அளவுக்குத் தோள் ஏறியிருக்கும். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் கை எழுந்துவிடும். ஓரமாக ஒதுங்காத ஆட்டோக்காரனை இறங்கிப் போய் அடித்திருக்கிறார். பெண்களை உரசிக்கொண்டு நின்றவனை ஓடும் பஸ்ஸிலிருந்தே தள்ளிவிட்டிருக்கிறார். ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்டவர்களுக்கு விழுந்த அடி தனி ரகம். அவருடைய கண்டக்டர் கேட்டு முன்பல்லை இழந்தார். ஜெபவீட்டில் ஒரு போதகர், கிண்டலாகக்கூட இல்லை, பிரியமாகத்தான் கேட்டார். ஆராதனை நடுவில் மச்சான் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்திவிட்டார். பல் போன கண்டக்டர் அதற்குப் பிறகும் அதே வண்டியில்தான் ஓடினார். காய்ச்சலில் கிடந்தபோது மச்சான்தான் அவர் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டார். அடித்ததற்காக அவர் யாரிடமும் வருத்தம் தெரிவித்ததில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டியதும் இல்லை.

இந்தக் கோத்திரக் கதையை அவர் எங்கே பிடித்தார் என்றால், திண்டுக்கல்லில் நடந்த ஒரு நற்செய்திக் கூட்டத்தில். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் துணியில் வரைந்த உலகப் படத்தைத் தொங்கவிட்டு, குச்சியால் காட்டிக் காட்டிச் சொன்னாராம். அந்த ஆள் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. மச்சானுக்குச் செல்போன் போதுமானதாக இருந்தது. வத்தலக்குண்டில் வண்டி நிற்கும் நேரமெல்லாம் தமிழில் குரல் கொடுத்த வீடியோக்களை ஓடவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் வேலை பார்த்த டயர் பட்டறைக்கு வரும் ஒரு கல்லூரி வாத்தியாரிடம் இதைக் கேட்டேன். "சரித்திரத்துல இதுக்கு ஒரு ஆதாரமும் கெடையாது. ஊரை ஆண்ட வெள்ளைக்காரன் தனக்குன்னு தேடிக்கிட்ட வம்சம்" என்றார். அதை நான் மச்சானிடம் சொல்லவில்லை. இன்னொரு காது மிச்சம் இருந்தது எனக்கு.

அவருக்கு அந்தக் கதை எதற்காகத் தேவைப்பட்டது என்பது அவர்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எரியோட்டுக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். ஊரே கிறிஸ்தவ ஊர்தான். கோயில் ஒன்று, மணி ஒன்று. ஆனால் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே ஆள் உயரத்துக்கு ஒரு கல் சுவர். சுவருக்கு மேல்பக்கம் மேட்டு நிலம். அங்கே சாதியில் உயர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களின் கல்லறைகள். கீழ்பக்கம் கண்மாய்த் தண்ணீர் கசிகிற பள்ளம். அது எங்கள் ஆட்களுக்கு. அந்த ஊருக்கு முதலில் வேதம் கொண்டுவந்த வெள்ளைக்காரப் பாதிரியாரின் கல்லறையும் மேல்பக்கத்தில்தான் இருந்தது. பாதிரித் துரை என்பார்கள். எங்கள் ஆட்களின் வீடுகளில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் அந்தத் துரையின் படமும் மாட்டியிருக்கும். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளன்று சுவருக்கு மேல் எக்கிக் கை நீட்டி, அந்தப் பக்கமாக மெழுகுவர்த்தி ஏற்றிவைப்பார்கள்.

மச்சானின் அப்பா இறந்தபோது அவரைப் பள்ளத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த வருஷத்து அடைமழையில் மண்மேடு கரைந்து பெட்டியின் ஒரு மூலை வெளியே வந்துவிட்டது. நாய்கள் சுற்றிக்கொண்டிருந்ததை மச்சானும் பார்த்தார், அவர் அம்மாவும் பார்த்தாள். மச்சான் நாய்களைக் கல்லால் அடித்தே கொன்றாராம். அவற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கி எறிந்ததற்கு மேல்பக்கத்து ஆட்கள் வந்து அவரை அடித்தார்கள்.

"எங்க பூட்டன் தலையில கை வச்சு ஞானஸ்நானம் கொடுத்தது யாரு? அந்தத் தொர" என்பார் என்னிடம். "தொர யாரு? எப்பிராயீம் கோத்திரம். இஸ்ரவேல் தொட்ட தலை மாப்ள எங்க தலை. இவனுக நம்மளத் தொட மாட்டேங்குறானுக."

வெள்ளைக்காரர்கள் மேல் அவருக்கிருந்த உருக்கம் இதிலிருந்து வந்ததுதான். ஒருமுறை வேலையாக வத்தலக்குண்டு போக அவருடைய வண்டியில் ஏறினேன். கொடைக்கானல் போகிற ஒரு வெள்ளைக்காரப் பையன், முதுகில் பெரிய மூட்டையோடு ஏறியிருந்தான். மச்சான் அவனைத் தன் பக்கத்து ஒற்றை சீட்டில் உட்காரவைத்து, "கன்ட்ரி?" என்றார். "டென்மார்க்" என்றான். மச்சான் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார்.

"தாணு! மாப்ள, தாண் கோத்திரம் மாப்ள!"

செம்பட்டியில் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய் பன்னீர் திராட்சை ஒரு குலை வாங்கிவந்து அவன் மடியில் வைத்தார். அவனுக்கு டிக்கெட் கிழிக்கக் கூடாது என்று கண்டக்டருக்கு உத்தரவு. பையனும் சிரித்துச் சிரித்துத் திராட்சை தின்றுகொண்டு வந்தான்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் எங்கள் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் வேறொரு கம்பெனி வண்டி நின்று ஆளை ஏற்றிக்கொண்டிருந்தது. டைம் தகராறு. அங்கே தினமும் நடப்பதுதான். அந்த டிரைவர் மச்சானின் அம்மாவை இழுத்து ஏதோ சொன்னார். மச்சான் சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கி ராடை உருவிக்கொண்டு இறங்கினார். அந்த டிரைவர் தடுப்பதற்குக் கையைத் தூக்கினார். மணிக்கட்டில் விழுந்த சத்தம் கரும்பை முறிப்பதுபோல் கேட்டது. பெண்கள் அலறினார்கள். அந்த வண்டியின் ஆட்கள் மச்சான்மேல் விழ, அவர் இன்னொருவன் முழங்காலிலும் ஒன்று இறக்கினார்.

டென்மார்க்குப் பையன் முகம் வெளுத்து, மூட்டையை வாரிக்கொண்டு குதித்து ஓடினான். மச்சான் அதைப் பார்த்துவிட்டார். சண்டையை அப்படியே விட்டுவிட்டு, ரத்தம் ஒழுகும் ராடைக் கையில் பிடித்தபடி அவன் பின்னாலேயே ஓடினார்.

"தம்பி! தாணு! ஏ தாணு! ஒன்ன இல்லப்பா!"

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் மச்சான். கை முறிந்த டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நம்மளப் பத்தி அவன் என்ன நெனச்சிருப்பான் மாப்ள?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அவரைப் பார்த்து எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது அன்றுதான். அறை வாங்கிய அன்றுகூட வரவில்லை.

அத்தை, அதாவது அவருடைய அம்மா, ஒரு கார்த்திகை மாதத்து மழையில் இறந்துபோனாள். படுக்கையில் கிடந்த நாட்களில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னயத் தண்ணிக்குள்ள போட்றாதடா அய்யா."

கீழ்பக்கத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வெட்டிய குழி வெட்ட வெட்ட நிரம்பியது. சொந்தக்காரர்களை அழைத்துவர முதலாளியிடம் கேட்டு மச்சான் தன் வண்டியையே கொண்டுவந்திருந்தார். பெட்டியைச் சுமந்துகொண்டு மேல்பக்கத்துக் கேட்டுக்குப் போனோம். சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே கம்பும் கல்லுமாக ஆட்கள் நின்றார்கள். மச்சான் கும்பிட்டார். அவர் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

"அண்ணே, தண்ணி நிக்குது. ஒத்தக் குழிதான கேக்குறோம். தொர கால்மாட்டுல, ஓரமாப் போட்டுக்கிர்றோம்."

"ஒங்க வெள்ளக்காரச் சொந்தக்காரன் எவனாச்சும் எடம் வச்சிருப்பான். அங்க கொண்டு போடா" என்றான் உள்ளேயிருந்த ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

மச்சான் கம்பிக்குள் கையை விட்டு அவனை இழுப்பார் என்று நினைத்தேன். அவர் திரும்பி நடந்தார். பஸ்ஸில் ஏறி ஸ்டார்ட் பண்ணினார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். வண்டி சேற்றில் திரும்பி, முதுகைச் சுவருக்குக் காட்டி நின்றது. முன்னால் மோதினால் ரேடியேட்டர் போய்விடும் என்று யோசிக்கிற நிதானம் அந்த நேரத்திலும் அவருக்கு இருந்திருக்கிறது. ரிவர்ஸில் போட்டு, ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வந்தார். முதல் இடியில் பின்கண்ணாடி நொறுங்கியது. இரண்டாவது இடியில் சுவர் சரிந்தது.

அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று எனக்குத் தெளிவாக நினைவில்லை. கல் மழை. என் தோளில் ஒரு கம்பு விழுந்தது. பந்தோபஸ்துக்கு வந்திருந்த இரண்டு போலீஸ்காரர்களும் புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கி வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டிருந்தார்கள். மச்சான் வீல் ஸ்பேனரோடு இடிபாட்டின் மேல் ஏறி நின்றார். ஏறி வந்த ஒருவனின் தோள்பட்டை எலும்பு உடைந்து கை தொங்கியது. மச்சானின் நெற்றி பிளந்து ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. பெட்டிமேல் கல் விழாமல் என் மனைவி அதன்மேல் கவிழ்ந்து கிடந்தாள்.

அப்போதுதான் மச்சானின் காலடியில், கற்களுக்குக் கீழே, யாரோ முனகினார்கள்.

பாதிரியார் வராத நாட்களில் கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார். மேல்பக்கத்துக்காரர், வயதானவர். தங்கள் ஆட்களிடம் பேசிக் கேட்டைத் திறக்கச் சொல்லலாம் என்று வந்தவர், சுவர் ஓரமாக நின்றிருக்கிறார். பஸ் வந்தபோது மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அவரால் ஓட முடியவில்லை. மச்சான் ஸ்பேனரைத் தூர எறிந்துவிட்டுக் கற்களைப் புரட்டினார். இடது கால் முழங்காலுக்குக் கீழே கூழாகியிருந்தது. மச்சான் அவரைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார்.

"மாப்ள, ஏறு வண்டியில."

"அத்தை, மச்சான்..."

"ஏறுங்குறேன்ல!"

உபதேசியாரைப் பஸ்ஸின் நடைபாதையில் கிடத்தி, அவருடைய தொடையில் என் துண்டை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு யாரும் ஏறவில்லை. அந்த வண்டி அவ்வளவு வேகத்தில் போய் நான் பார்த்ததில்லை. மச்சான் திரும்பித் திரும்பிக் கத்தினார். "ஒபதேசியாரே, கண்ண மூடாதீரு! செத்தீரு, நானே ஒம்மக் கொன்னுபுடுவேன்!"

வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். சரக்கு ரயில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மச்சான் ஸ்டியரிங்கைக் குத்தினார். இஞ்சின் உறுமலுக்கு நடுவே உபதேசியார் பேசினார். நிதானமாகத்தான் பேசினார்.

"ஏம்ப்பா, அந்தத் தொர மேல நீ அம்புட்டு உசுரா இருக்க. அவரு கட்டுன செவத்தப் போயி இடிச்சுட்டியேப்பா."

மச்சான் திரும்பினார். "என்ன சொன்னீரு?"

"கட்டுனது தொரதான்யா. எங்க தாத்தா சொல்லிருக்காரு. ஒங்களோட ஒண்ணாப் பொதைக்கிறதுன்னா வேதமே வேண்டாம்னுட்டாக எங்க ஆளுக. கோயில் காலியாயிருமேன்னு தொர தானே நின்னு செவரு கட்டிக் குடுத்தாரு. எங்க ஆளுக பண்ணுனது பாவம்தான். நான் அதுக்காகத்தான் இன்னிக்கு வந்தேன். ஆனா கட்டுனது அவரு."

"பொய்யி."

"இந்தக் கெடையில கெடந்துக்கிட்டு நான் எதுக்குப் பொய் சொல்றேன்? அடிக்கல்லுல அவரு பேரு வெட்டிருக்கும். மண்ணுக்குள்ள கெடந்துச்சு. இப்ப வெளிய வந்திருக்கும், போயிப் பாரு."

அந்தக் கை எழுந்துவிடுமோ என்று நான் கிழவரின் மேல் குனிந்துகொண்டேன். மச்சான் ஒற்றைக் கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலின் கடைசிப் பெட்டி போனது. கேட் ஏறியது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் மச்சான் கியர் போட்டார். திண்டுக்கல் ஆஸ்பத்திரி வாசலில்தான் வண்டி நின்றது.

உபதேசியார் பிழைத்துக்கொண்டார். கால் போய்விட்டது. கோர்ட்டில் அவர், இடித்ததும் அவன்தான், தூக்கிக்கொண்டு ஓடியதும் அவன்தான் என்று இரண்டையும் சொன்னார். மச்சான் ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்து ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரி ஓட்டினார். கோத்திரக் கதையை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. நெஞ்சுவலியில் லாரிக்குள்ளேயே போய்ச் சேர்ந்தார். சுவரை இன்றுவரை யாரும் எடுத்துக் கட்டவில்லை. இதெல்லாம் பின்னால் நடந்தவை. மச்சான் என்றதும் எனக்குக் கண்முன் வருவது ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் ஊருக்குத் திரும்பிய அந்தச் சாயங்காலம்தான்.

நாங்கள் வருவதற்குள் அத்தையை அடக்கம் பண்ணிவிட்டிருந்தார்கள். தாசில்தாரும் கூடுதல் போலீசும் வந்து, கலவரம் பெரிதாகிவிடும் என்று பயந்து, சுவர் விழுந்த இடத்திலேயே குழி வெட்டச் சொல்லிவிட்டார்கள். மேல்பக்கமும் இல்லை, கீழ்பக்கமும் இல்லை. அம்மாவுக்கு ஒரு பிடி மண் போடக்கூட மகன் அங்கே இல்லை.

"அண்ணே," என்றாள் என் மனைவி. "தண்ணி வரலண்ணே. காஞ்ச மண்ணுதான். நான் எறங்கித் தொட்டுப் பாத்தேன்."

மச்சான் தலையாட்டினார். மேட்டின்மேல் ஒரு கை மண் அள்ளிப் போட்டார். பிறகு இடிபாட்டுக்குள் இறங்கி ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்தார். அவரைக் கைது செய்ய ஜீப்பருகே நின்ற இன்ஸ்பெக்டர், அம்மாவைப் பறிகொடுத்த மகன்தானே, கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு கல்லின்மேல் ஒட்டியிருந்த மண்ணை மச்சான் உள்ளங்கையால் துடைத்தார். சிலுவைக் குறி, அதற்குக் கீழே துரையின் பேர். அதை எழுத்து எழுத்தாக விரலால் தடவினார்.

குழி வெட்டியவர்கள் விட்டுப்போன கடப்பாரை அங்கே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மேல்பக்கம் ஏறினார். துரையின் கல்லறையில் நிறுத்தியிருந்த பளிங்குக் கல்லை ஓங்கி அடித்தார். கல் இரண்டாகப் பிளந்தது. விழுந்து கிடந்ததையும் விடாமல் குத்தினார். பளிங்குத் துண்டுகள் அவர் முகத்தில் தெறித்தன. ஒவ்வொரு குத்துக்கும் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

மேல்பக்கத்து ஆட்கள் திகைத்து நின்றார்கள். முதலில் அலறியது எங்கள் பக்கத்து ஒரு கிழவிதான். "அய்யோ, தொர கல்ல ஒடைக்கிறானே, பாவி!"

எங்கள் ஆட்கள் மச்சானை நோக்கி ஓடினார்கள். காலையில் அவரோடு நின்று கல்லடி வாங்கியவர்கள், அத்தையின் பெட்டியைச் சுமந்தவர்கள், அவருடைய சித்தப்பா, சித்தப்பா மகன்கள், பல் போன கண்டக்டர். கம்பாலும் செருப்பாலும் கல்லாலும் அடித்தார்கள். "எங்க சாமிடா அவரு" என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். காலையில் மேல்பக்கத்துக்காரர்கள் அடித்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மச்சான் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார். கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. மறைக்கக்கூட அவற்றைத் தூக்கவில்லை. முட்டி மடங்கி விழுந்த பிறகும் அடி நிற்கவில்லை. என் மனைவி அவர்மேல் போய் விழுந்தாள். அவளுக்கும் இரண்டு விழுந்தது. போலீஸ்காரர்கள் வந்து விலக்குவதற்குள் அவர் முகம் அடையாளம் தெரியாமல் போயிருந்தது.

அவள் அவர் தலையை மடியில் வைத்து, சேலை நுனியால் வாயைத் துடைத்துவிட்டாள்.

"ஊரையெல்லாம் அடிப்பீகளே. இவங்கள ஒரு அடி, ஒரே ஒரு அடி திருப்பி அடிச்சிருக்கக் கூடாதாண்ணே?"

மச்சான் பக்கவாட்டில் திரும்பி ரத்தத்தைத் துப்பினார்.

"யாரப் போயி அடிக்கிறது பாப்பா?" என்றார். "எல்லாம் நம்ம ஆளுக."

பிறகு என் தோளைப் பிடித்து எழுந்து, யாரும் இழுக்காமல், தானே நடந்துபோய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.